பெயர் சொல்லாத குரல்

சாவன் 12, சனி

"இப்போ வந்து நின்னார்னா நம்மள அடையாளம் தெரியுமா, அண்ணி?"

கீரை ஆய்ந்துகொண்டே யம்கலா கேட்டாள். "நீ அப்படியேதான் இருக்கே" என்றேன். அவள் கீரைக்கட்டை உதறினாள். மண் என் செய்தித்தாளில் விழுந்தது. அதைத் துடைக்கிற சாக்கில் பேச்சு முடிந்தது.

அவனுக்கு நம்மைத் தெரியுமா என்று கேட்கிறாள். நமக்கு அவனைத் தெரியுமா? நாற்பத்து மூன்று வயது லோகேந்திரா எப்படி இருப்பான்? அப்பா மாதிரி முன்தலை ஏறியிருக்குமா? போனபோது முப்பத்தொன்று. என் ஒரே தம்பி. பூணூல் பூர்ணிமைக்கு மனைவியோடு கோசாயின்குண்டம் ஏரிக்குப் போனான். திரும்பும் வழியில் மூடுபனி. யம்கலா மட்டும் இறங்கி வந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தாறு. அன்றிலிருந்து காட்மாண்டுப் பக்கம் கீர்த்திபூரில் என்னோடு இருக்கிறாள். வருகிற பூர்ணிமையோடு பன்னிரண்டு வருஷம்.

யாராவது கேட்டால் "தம்பி வெளியில இருக்கான்" என்பேன். கத்தாரா மலேசியாவா என்று யாரும் மேலே கேட்பதில்லை. இங்கே பாதி வீடுகளில் தம்பிகள் வெளியில்தான் இருக்கிறார்கள்.

சாவன் 15, செவ்வாய்

சித்தப்பா வந்திருந்தார். எதற்கு என்று இருவருக்கும் தெரியும். யம்கலா தேநீர் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

காணாமல் போனவன் பன்னிரண்டு வருஷம் வரவில்லை என்றால் இறந்தவன் என்று சாஸ்திரம். உடல் இல்லாததால் தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்து ஆற்றங்கரையில் எரிக்க வேண்டும். பதின்மூன்று நாள் காரியம். பிறகு அவன் மனைவி குங்குமத்தையும் சிவப்பையும் விட்டு ஒரு வருஷம் வெள்ளை உடுத்த வேண்டும்.

"மாண்டவி, நான் கண்ண மூடறதுக்குள்ள இத முடிச்சுடணும். அவன் அலைஞ்சுட்டு இருக்கான். எனக்குத் தெரியுது."

"எப்படித் தெரியுது சித்தப்பா?"

"உன்கிட்ட சொன்னா சிரிப்பே. அத விடு. நீ படிச்சவ, நீ சொன்னா அவ கேப்பா."

படிச்சவ. இருபத்திரண்டு வருஷமாகப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். புல்லை எரிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று சித்தப்பா நினைக்கிறார். அது உண்மைதான். ஆனால் காரணம் அது மட்டுமில்லை. அதை இந்த நோட்டில் எழுதுவதற்கே தயக்கமாக இருக்கிறது.

என் கணக்கு இது: யம்கலா அன்று இறங்கி வந்து எல்லோரிடமும் ஒன்றைத்தான் சொன்னாள் — "கூப்பிட்டேன், கூப்பிட்டேன், பதிலே இல்ல." இரண்டு சரிவுகளிலும் ஆட்கள் இறங்கித் தேடினார்கள். உடல் இல்லை, பை இல்லை, ஒரு செருப்புகூட இல்லை. விழுகிறவன் கத்துவான். அடிபட்டுக் கிடக்கிறவன் முனகவாவது செய்வான். கூப்பிடும் தூரத்தில் இருந்துகொண்டு பதில் சொல்லாதவன், பதில் சொல்ல விரும்பாதவன். போவதற்கு முந்தைய தசைன் பண்டிகையில் என்னிடம் சொன்னான்: "அக்கா, யாருக்கும் தெரியாத ஊர்ல போய் ஒரு கடை போட்டு உக்காந்துடணும்போல இருக்கு." சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

ஆகவே அவன் சிலிகுரியிலோ டேராடூனிலோ இருக்கிறான். கொஞ்சம் பருத்திருக்கிறான். நான் இதை யம்கலாவிடம் சொன்னதில்லை. எந்தப் பெண்ணிடம் இதைச் சொல்வது?

சாவன் 16, புதன்

நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "ஏரிக்கு ஒரு தடவை போயிட்டு வந்து பதில் சொல்றேன். நீங்களும் வாங்க."

சாவன் 22, செவ்வாய்

விடுப்பு கிடைத்தது. என்ன காரணம் என்று துறைத்தலைவர் கேட்டார். யாத்திரை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை! இத்தனை வருஷம் அவரோடு நான் செய்த வாதமெல்லாம் வீணாகிவிட்டது.

யம்கலா மூட்டை கட்டுவதைப் பார்த்தேன். ஆண்களுக்கான கம்பளிச் சட்டை ஒன்றை மடித்து வைத்தாள். பழுப்பு நிறம், புதிது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். "மேல குளிரும் அண்ணி" என்றாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

சாவன் 29, செவ்வாய்

துன்சே. பேருந்தில் ஒன்பது மணி நேரம். இரண்டு இடத்தில் சாலை சரிந்திருந்தது. கீழே ஆறு சேறாக ஓடியது. முழங்கால் வீங்கிவிட்டது. இந்த வயதில் எனக்கு இது தேவையா?

சாவன் 30, புதன்

தூலோ ஸ்யாப்ரு. மலை முதுகின் மேல் ஒரே வரிசையாக வீடுகள். மக்காச்சோளம் காய்க்கிறது. எங்கே திரும்பினாலும் யாத்திரைக்காரர்கள். பூர்ணிமைக்குப் போகிற கூட்டம் இப்போதே நிரம்பத் தொடங்கிவிட்டது.

எழுதவேண்டாம் என்றிருந்தேன். எழுதுகிறேன்.

மாலையில் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது மேல் பாதையில் ஒருவன் போனான். கைகளைப் பின்னால் கோத்து, தலையை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்து, அவசரமில்லாமல். லோகேந்திரா அப்படித்தான் நடப்பான். அம்மா அவனை 'ரிட்டையர்டு சுபேதார்' என்பாள். நான் முகத்தைத் துடைக்காமலே பின்னால் போனேன். மடாலயம்வரை படிகள். முழங்கால் வலி தெரியவில்லை. கொடிமரத்தடியில் நின்று திரும்பினான். அறுபது வயது, தமாங் என்ற மலையினத்துக் கிழவர். பல் இல்லை.

"என்னம்மா, மூச்சு வாங்குது? புத்தர் எங்கயும் ஓடிட மாட்டார். மெதுவா வாங்க."

இறங்கி வந்தேன். யம்கலா எங்கே போனீர்கள் என்றாள். மடாலயம் பார்க்க என்றேன். அவள் ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும்.

இது முதல் தடவை இல்லை. பன்னிரண்டு வருஷமாக எந்த ஊருக்குக் கருத்தரங்குக்குப் போனாலும் கடைகளுக்குள் எட்டிப் பார்க்கிறேன். சிலிகுரியில் இருக்கிற அத்தனை மளிகைக் கடைகளும் எனக்குப் பழக்கம்.

சாவன் 31, வியாழன்

சந்தன்பாரி. காடு முழுக்க அட்டை. பாலாடைக்கட்டிக் கூடத்துப் பக்கத்தில் தங்கல்.

மதியம் மூடுபனி இறங்கியது. இறங்கியது என்று சொல்வதுகூடச் சரியில்லை. மரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து போனதுபோல இருந்தது. பிறகு அந்தச் சத்தம். வழியில் பின்தங்கிவிட்ட பெண்கள் கணவன்மாரைக் கூப்பிடுகிறார்கள் — "கேட்டீங்களா… கேட்டீங்களா…" மேலிருந்து, கீழிருந்து. எந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. நான் கதவை இழுத்துச் சாத்தினேன். குளிர்தான்.

யம்கலா காதைப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

சாவன் 32, வெள்ளி

லௌரிபினா. காட்டுக்கு மேலே வெறும் புல்லும் கல்லும். தலைவலி. ஏறியது போதும், நாளை ஓய்வு என்று நான்தான் சொன்னேன்.

விடுதிக்காரி பெயர் ஜங்மு. தமாங் பெண். என்னைவிடக் கொஞ்சம் இளையவள். அடுப்பைவிட்டு நகராமலே வீட்டை ஆள்கிறாள். கணவன் கர்ச்சாங் மலைமாடுகளைப் பார்த்துக்கொள்கிறான், பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக்கொள்கிறான். நான் வாத்தியார் வேலை பார்க்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து "டீச்சரக்கா."

உள்ளே நுழைந்ததும் யம்கலா அடுப்புப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். "இதே வீடுதான்" என்றாள். அன்றும் இங்கேதான் வந்து சேர்ந்தாளாம். அப்போது ஜங்முவின் மாமியார் நடத்தியிருக்கிறாள். பன்னிரண்டு வருஷத்தில் இந்தத் தகவல்கூட எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

பாதோ 1, சனி

மழை. எவரும் நகரவில்லை.

காலையில் எல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தது. ஜங்மு விறகு வேண்டும் என்று வாசலில் நின்று கத்தினாள்.

"கர்ச்சாங்! ஏய் கர்ச்சாங்! செவிட்டுக் கழுதை! கர்ச்சாங்!"

யம்கலா சிரித்துவிட்டாள். சிரித்து நான் பார்த்து நாளாகிறது.

"என்னம்மா சிரிக்கிறே? கீழ உங்க ஆளுங்க புருஷன எப்படிக் கூப்பிடுவீங்க?"

"பேரு சொல்ல மாட்டோம்."

"அது தெரியும். வீடு பத்தி எரிஞ்சா?"

"'கேட்டீங்களா'ன்னு கூப்பிடுவோம்."

"கேக்கலன்னா?"

"திரும்பவும் 'கேட்டீங்களா'ன்னு."

ஜங்மு கரண்டியைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சரக்கா, நீங்க இங்க பூர்ணிமைக்கு ஒரு தடவ முழுசா இருக்கணும். பனி இறங்கிடும். இந்த மேடு பூரா பொம்பளைங்க 'கேட்டீங்களா, கேட்டீங்களா'ன்னு கத்துவாளுங்க. இருக்கிற ஆம்பளைங்க அத்தன பேரும் 'தோ, இங்க, வா வா'ம்பானுங்க. எவன் எவளுக்குச் சொல்றான்னு அந்த மகாதேவனுக்கே தெரியாது."

விறகோடு வந்த கர்ச்சாங் கதவிலிருந்தே சேர்ந்துகொண்டான். "என் அம்மா காலத்துல ஒருத்தி வேற எவனோடயோ வந்து உக்காந்து, கம்பளிய விலக்கினப்புறம்தான் மூஞ்சியப் பாத்தா. அம்மா சாகுறவரைக்கும் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்."

நானும் சிரித்தேன். எழுதும்போது நாக்கு கசக்கிறது. நானும் சிரித்தேன்.

யம்கலா சிரிக்கவில்லை. உருளைக்கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஜங்முவுக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

மழை கொஞ்சம் விட்டதும் மாட்டுக்கொட்டில் பக்கம் அவளை அழைத்துப் போனேன். பன்னிரண்டு வருஷமாக ஒரு தடவையும் கேட்காததைக் கேட்டேன்.

"அன்னைக்கு நீ எப்படிக் கூப்பிட்டே?"

"எப்படின்னா? எப்பவும் கூப்பிடற மாதிரிதான்."

"பேரச் சொல்லி ஒரு தடவகூட—"

"எப்படி அண்ணி சொல்லுவேன்? பேரச் சொன்னா அவர் ஆயுசு குறையும்னு அம்மா சொல்லிச் சொல்லி வளத்தாங்க. அதுவும் அந்த இடத்துல, அந்தப் பள்ளத்துக்கு மேல நின்னுக்கிட்டு…"

அவள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். செருப்பு வார் அறுந்துவிட்டது. "நீங்க போங்க, கட்டிக்கிட்டு வரேன்" என்றிருக்கிறாள். அவன் முன்னால் நடந்திருக்கிறான். நிமிர்ந்தபோது பாதை இல்லை, மலை இல்லை. "கேட்டீங்களா" என்றாள். ஜலதோஷத்தில் மூன்று நாளாகத் தொண்டை கட்டியிருந்தது. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்ததாம்.

"ஒருத்தர் பதில் சொன்னார். 'வா, வா, இங்கதான் இருக்கேன்'னு. முதுகு தெரிஞ்சுது. அதே பழுப்புக் கம்பளி. பின்னாடியே நடந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியல. அவர் பேசல, நானும் பேசல. இங்க வந்து, அந்த அடுப்புகிட்ட, தலைத்துணிய அவுத்துட்டுத் திரும்பினார் பாருங்க…"

"அப்போ பதிலே இல்லன்னு எங்ககிட்ட சொன்னியே?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"அவர் சொல்லலதானே அண்ணி. வேற யாரோ சொன்னாங்க."

இதற்கு மேல் எழுத வரவில்லை.

அதே நாள், மாலை

எழுதத்தான் வேண்டும்.

அவனை யாரும் கூப்பிடவே இல்லை.

என் கணக்கு முழுக்க அந்த ஒரு வரியில் நின்றது. கூப்பிட்டும் பதில் சொல்லவில்லை. அதிலிருந்து சிலிகுரி வந்தது, கடை வந்தது, தொப்பை வந்தது. தரவு எங்கிருந்து வந்தது என்று முதல் நாளே கேள் என்று மாணவர்களிடம் சொல்வேன். நான் கேட்டேனா? கேக்கல. கேக்க பயமா இருந்திருக்கு. வேற என்ன.

அவன் பக்கத்திலேயே நின்றிருக்கலாம். கட்டிய தொண்டையோடு எவளோ எவனையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்திருக்கலாம். அவன் என்ன செய்திருப்பான்? மனைவியைக் காணோம் என்றால் முன்னால் போக மாட்டான். திரும்பியிருப்பான். அவளை விட்ட இடத்துக்கு. அவள் அங்கே இல்லை. அவள் எவன் முதுகையோ பார்த்துக்கொண்டு அடுப்புக்கு வந்துவிட்டாள். இவன் தேடுகிறான். பாதையை விட்டு ஓரமாக. இன்னும் ஓரமாக —

அவனும் கூப்பிட்டிருப்பான். "ஓய், எங்க இருக்கே" என்று. எத்தனை பேர் அதற்குப் பதில் சொன்னார்களோ.

யம்கலா மேல் கோபம் வந்தது. அடித்துவிடலாம்போல. பிறகு அதுவும் போய்விட்டது. அவள் வாயைத் திறந்து பெயரைச் சொல்லாமல் இருந்தது அவன் சாகக்கூடாது என்பதற்காக. பன்னிரண்டு வருஷமாகவும் அதற்காகத்தான். என் வீட்டில் அவள் "உங்க தம்பி" என்றுதான் சொல்வாள். அதை நான் பட்டிக்காட்டுப் பழக்கம் என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டேன்.

வெளியே மறுபடி மூடுபனி. கூப்பிடுகிறார்கள். "கேட்டீங்களா…"

ஒவ்வொரு தடவையும் யாரோ ஓர் ஆண் "தோ" என்கிறான். ஒவ்வொரு தடவையும் நான் கதவைப் பார்க்கிறேன்.

பாதோ 2, ஞாயிறு

ஏரிக்கு வந்து சேர்ந்தோம்.

லௌரிபினாவிலிருந்து மேலே ஏறி, பிறகு மலை இடுப்பில் ஒட்டினாற்போல் பாதை. வலப்பக்கம் பள்ளம். அடியில் சரஸ்வதி குண்டம், கறுப்பாக, அசையாமல். அதற்கடுத்து பைரவ குண்டம். கடைசியில்தான் பெரிய ஏரி. இரண்டாவது வளைவுக்கு முன் யம்கலா ஒரு கல்லைக் காட்டினாள். "இதுலதான் உக்காந்து வார் கட்டினேன்." உட்காரத் தோதான கல். யாரோ பொரியும் பூவும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், எதற்கென்று தெரியவில்லை. இங்கே எந்தக் கல்லில்தான் பூ இல்லை.

நான் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷத்தில் இந்தச் சரிவைப் படத்தில்கூடப் பார்க்க மறுத்தவள் நான். செங்குத்து இல்லை. அதுதான் மோசம். நடந்தே இறங்கிவிடலாம் என்று தோன்றுகிற சரிவு. புல் முடிகிற இடத்தில் தண்ணீர் தொடங்குகிறது. எந்த இடத்தில் என்று தெரியவில்லை.

கல் உருண்டது. என் காலடியில்தான். கீழே போகிறவரை சத்தம் கேட்டது, தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்கவில்லை. காத்துக்கொண்டே நின்றேன். யம்கலா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

ஏரிக்கரை முழுக்க கூடாரம், புகை, ஈரத்துணி. மயில்பீலி கட்டிய பூசாரிகள் முரசடித்துக்கொண்டு வரிசையாக இறங்குகிறார்கள். ஒரு கல் மண்டபத்தில் சிந்துபால்சோக்கிலிருந்து வந்த குடும்பம் எங்களுக்கு இடம் ஒதுக்கியது. "நகருங்கடி, நகருங்க, காட்மாண்டுக்காரங்களுக்குக் கால் நீட்ட இடம் வேணும்" என்று அந்த வீட்டம்மா தன் மருமகள்களை விரட்டினாள். பிறகு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆம்பளை யாரும் வரலையா?"

"வரல" என்றாள் யம்கலா.

தேநீர் குடிக்கும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னாள்:

"நாளைக்குக் காலைல பேரச் சொல்லிக் கூப்பிடப் போறேன், அண்ணி."

"வேண்டாம்."

"ஏன்?"

"நான் கூப்பிடறேன். நான் அக்கா. நான் சொன்னா ஒண்ணும் ஆகாது."

சொல்லிவிட்டு நானே திடுக்கிட்டேன். ஒண்ணும் ஆகாது! அவள் சொன்னால் ஆகும் என்று நான் எப்போது நம்ப ஆரம்பித்தேன்?

அவளுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். தம்ளரைக் கீழே வைத்தாள். "நீங்க கூப்பிட்டா அக்கா கூப்பிடறது. அவர் வீட்டுல இருக்கும்போதே அதுக்குப் பதில் சொல்ல மாட்டார். நான் ஒரு தடவ கூப்பிடணும். இருந்தா, ஆயுசு குறையட்டும், வந்து என்னைத் திட்டட்டும். இல்லன்னா, குறையறதுக்கு ஒண்ணும் இல்ல."

இதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. என் கணக்கைவிட நேராக இருக்கிறது.

நாளை என்ன நடக்கும்? எழுதி வைக்கிறேன். அவள் கூப்பிடுவாள். பாறையில் பட்டுக் குரல் திரும்பும். கூட்டத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். அவள் அழுவாள், நான் அவளைப் பிடித்துக்கொண்டு இறங்குவேன். தர்ப்பையை எரிக்கலாமா என்று அவளிடம் கேட்க எனக்கு வாய் வராது. சித்தப்பாவிடம் இன்னொரு வருஷம் தள்ளிப்போடச் சொல்வேன். அவ்வளவுதான். இதைத் தவிர வேறெதுவும் நடக்கக் காரணம் இல்லை.

பாதோ 3, திங்கள், பூர்ணிமை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். லௌரிபினாவுக்குத் திரும்பிவிட்டோம்.

விடியும்போதே மூடுபனி. தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று பக்கத்தில் போனால்தான் தெரிந்தது. குளிக்கிறவர்கள் வீறிடுகிறார்கள், சிரிக்கிறார்கள், முரசு ஓயவில்லை. யம்கலா மூழ்கி எழுந்து, ஈரத்தோடு ஒரு பாறைமேல் ஏறி நின்றாள். நான் பத்தடி தள்ளி அவள் துணியை வைத்துக்கொண்டு நின்றேன்.

முதல் தடவை சத்தம் வரவில்லை. "லோ" என்று மட்டும் வந்தது. இருமினாள். இரண்டாவது தடவை வந்தது, ஆனால் பேசுகிற குரலில். பிறகு வயிற்றிலிருந்து கத்தினாள்.

"லோகேந்திரா!"

அவள் வாயில் அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.

"தோ… இங்க இருக்கேன்!"

ஆண் குரல். இடப்பக்கம், மூடுபனிக்குள், தண்ணீர் ஓரமாக.

துணியைப் போட்டுவிட்டேன். ஓடினேன். கல்லில் வழுக்கி முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, எவர் மேலோ இடித்து, யாரோ திட்டினார்கள் — ஓடினேன். ஒரு ஈரக் கை தட்டுப்பட்டது. பிடித்துக்கொண்டேன். "எங்கடா போனே" என்றேன். இது நான் சொன்னது. நான்தான் சொன்னேன். "எங்கடா போனே, எங்கடா போனே."

இருபத்தைந்து வயது இருக்கும். மணிக்கட்டில் பூர்ணிமைக்குக் கட்டிய புது மஞ்சள் கயிறு. பல் கிட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான்.

"அக்கா… என் பேரு லோகேந்திராதான். ஆனா நான் நுவாகோட் ஊர்க்காரன். நீங்க யாருன்னு தெரியலையே."

பின்னால் ஒரு பெண் தலை துவட்டிக்கொண்டே சிரித்தாள். "எனக்குத் தெரியாம இவருக்கு எந்த ஊர்ல அக்கா?"

நான் கையை விடவில்லை. விட வேண்டும் என்று தெரிகிறது. விரல்கள் விடவில்லை. அவன் மனைவியின் சிரிப்பு நின்றது. அவன் பாவம், இழுக்கவும் கூச்சப்பட்டு, அப்படியே நின்றான்.

யம்கலா நிதானமாகத்தான் வந்தாள். ஓடவில்லை. அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், போதும் என்கிற அளவுக்கு. என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"மன்னிச்சுக்கோங்க தம்பி. இவங்க தம்பியத் தேடுறாங்க. அவருக்கும் உங்க பேர்தான்."

"எங்க போயிட்டார்?"

"இறந்துட்டார். இங்கதான், பன்னிரண்டு வருஷம் முன்னாடி."

அவன் கை கூப்பினான். அவன் மனைவி தன் சால்வையை என் தோளில் போட்டாள். நான் அழுதேனா என்று தெரியவில்லை. முகம் எப்படியும் நனைந்திருந்தது. யம்கலா மண்டபத்துக்குப் போய் அந்தப் பழுப்புக் கம்பளிச் சட்டையைக் கொண்டுவந்து அவனிடம் கொடுத்தாள். மறுத்தான். "போட்டுக்கோங்க, உதடு நீலமா இருக்கு" என்றாள். தலை வழியாக அவளே மாட்டிவிட்டாள். தோளில் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

திரும்பும் வழியில் அந்தச் சரிவுக்கு மேல் இருவரும் கொஞ்ச நேரம் நின்றோம். பூ போட்டோம். அவள் போட்டாள், நானும் போட்டேன்.

இங்கே மாட்டுக்கொட்டில் மூலையில்தான் போன் எடுக்கிறது. மதியம் அங்கே போய்ச் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். தர்ப்பைக்குச் சொல்லிவிடுங்கள், புரோகிதரிடம் நாள் கேளுங்கள் என்றேன்.

"அப்பாடா. அவள ஒத்துக்க வெச்சுட்டியா?"

"இல்ல சித்தப்பா. நான் ஒத்துக்கிட்டேன்."

"நீயா? நீ எப்பவோ ஒத்துக்கிட்டவதானே, உனக்கு என்ன…"

பிறகு சரியாகக் கேட்கவில்லை. அவருக்கும் என் குரல் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். "சரி, வீட்டுக்கு வாங்க, வீட்டுக்கு வாங்க" என்றுமட்டும் வந்தது.

உள்ளே யம்கலாவும் ஜங்முவும் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"லோகேந்திரா தோலோடயே தின்பார்" என்று யம்கலா சொல்வது கேட்டது.

"மண்ணோடயா?"

"சில நாள் மண்ணோடயும்தான்."

"மாடு" என்றாள் ஜங்மு.

யம்கலா சிரித்தாள். நான் மழை வரும்வரை கொட்டிலிலேயே நின்றேன்.